பெண் கொடுத்துப் பெண் எடுத்த அண்ணன்

1

சென்ற மாதம் மேலகரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சண்டைக் காலமாயிற்றே, வழியில் எந்த ஆபீஸிலோ உறையைக் கிழித்துப் படித்துவிட்டு, மேலே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். படித்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நன்றாகப் பொழுது போயிருக்கும். எழுதியவள் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். பயிர், மழை, யார் யாருக்குப் பிள்ளை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் கேட்டிருந்தாள்:

“உலகு, நீ ஒங்க அண்ணாச்சி குடியைக் கெடுத்துட்டேன்னு இங்கன எல்லாரும் பேசுதாவ. வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போனா அங்கயும் இதே பேச்சு. நெசமாட்டி?”

நிஜம்தான். கெடுத்தேன். ஆனால் ஊர் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறது, அதுவும் அண்ணன் சொன்ன பாதி. மீதியை நான் சொல்கிறேன்.

என் பெயர் உலகம்மாள். மலாய் நாட்டில் தைப்பிங் என்ற ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கடல் கடந்த வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதும்படி இரண்டு முறை கேட்டார். ரப்பர் மரத்தையும் சீனர் கடைகளையும் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அவர் மன்னிக்க வேண்டும். மேலகரம் வாசகசாலைக்கு இந்தப் பத்திரிகை வருகிறது. என் அண்ணன் தினமும் காலையில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். இரண்டும் எனக்குத் தெரியும்.

2

அண்ணன் பெயர் திருமலை. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் வயல், வீடு, நான், எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர், அங்கே அருவிக்கரையில் இலஞ்சிப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வந்தார். பெயர் குழல்வாய்மொழி. அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

குழல்வாய்மொழிக்கு ஒரே அண்ணன், குற்றாலிங்கம். மலாய் நாட்டு ரயிலில் வேலை. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். என் அண்ணன் அவரிடம் நேராகப் போய்ப் பெண் கேட்டார். “தங்கச்சியைத் தாரேன். ஒங்க தங்கச்சியை எனக்குத் தாங்க” என்றார் அவர். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. இந்த வீட்டுப் பெண் அங்கே போவாள், அந்த வீட்டுப் பெண் இங்கே வருவாள். சீர் செனத்தி மிச்சம், உறவும் கெட்டி என்பார்கள். கெட்டி என்றால் என்ன என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு கயிற்றின் இரண்டு முனையில் இரண்டு பெண்களைக் கட்டுவது. இவள் அசைந்தால் அவள் கழுத்து இறுகும்.

இலஞ்சிக் குமாரர் கோயிலில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். எனக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளைக்கு முப்பது. முப்பது வயது வரை அக்கரையில் தனியாகவா இருந்தார் என்று சித்தி ஒருத்தி அண்ணனிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“தங்கமான மனுசன் சித்தி. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. எல்லாம் விசாரிச்சாச்சு” என்றார் அண்ணன்.

3

தைப்பிங்கில் தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை பெய்யும். நான் வந்திறங்கிய அன்றும் பெய்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பெண் குடையோடு நின்றிருந்தாள். கறுத்து, உயர்ந்து, மாடு கறந்து காய்த்த கைகள். வேலைக்காரி என்று நினைத்து என் பெட்டியை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

“உள்ளே வாங்க தங்கச்சி. பசியாறினீங்களா?” என்று கேட்டாள்.

உள்ளே ஒரு கட்டில். அதன் மேல் அவருடைய சட்டையும் அவளுடைய சேலையும் ஒரே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் பெயர் பாக்கியம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவரோடு ஆறு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறாள். பிள்ளை இல்லை. நான் மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“ஒங்க அண்ணன் ஒங்கிட்டச் சொல்லலையா?” என்று கேட்டார். முகத்தில் பொய் இல்லை. “ஐந்தருவியில வச்சு ஒண்ணுவிடாமச் சொன்னேனே. எனக்கு அங்கன ஒருத்தி இருக்கா, அவளை விட முடியாது, ஒங்க தங்கச்சி சம்மதிச்சாத்தான் கல்யாணம்னேன். மறுநா வந்து, ‘எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவளுக்குச் சம்மதம்’னு சொன்னாரு.”

என் கணவர் நல்லவர், கோழை. அண்ணன் சொன்ன வார்த்தையை என்னிடம் ஒரு தரம் கேட்டுச் சரிபார்க்க அவருக்குத் தைரியமில்லை. அவரை நான் மன்னித்துவிட்டேன். அதற்குப் பத்து வருஷம் ஆயிற்று.

அண்ணனுக்கு அன்றே எழுதினேன். வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று இரண்டு பக்கம். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. ஐந்தே வரி. இன்றும் மனப்பாடம்.

“நீ வாழலைன்னு வந்தா, ஒன் மதினியை அன்னைக்கே அவ பெறந்த வீட்டுக்கு அனுப்பிருவேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடத்துல அதுதான் வழக்கம். அவ இப்போ முழுகாம இருக்கா. அவ பெறந்த வீட்டுல கதவு தொறக்க ஆளில்லைன்னு ஒனக்கே தெரியும். யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். குழல்வாய்மொழி மதினி எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். கல்யாணத்தன்று மணவறையில் எனக்கு வேர்த்தபோது தன் முந்தானையால் துடைத்துவிட்டவள். அவள் வயிற்றில் பிள்ளை. நான் பெட்டியைப் பிரித்துச் சேலைகளைக் கொடியில் போட்டேன், அவர்கள் துணிக்குப் பக்கத்தில்.

4

என் மகள் செண்பகத்துக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவள் அப்பா மலைக்காய்ச்சலில் போனார். சாவைப் பதிவு செய்ய நானும் பாக்கியமும் சேர்ந்து போனோம். ஆபீஸ் குமாஸ்தா, இங்கே கிராணி என்பார்கள், பேனாவை மையில் தொட்டு எழுதிக்கொண்டே, “மனைவி பெயர்?” என்றார். நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களில் யார் மனைவி?”

“ரெண்டு பேரும்” என்றேன்.

“பாரத்தில் ஒரு வரிதான் இருக்கு அம்மா.”

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கணத்தில் என் பெயரைச் சொல்ல வாய் துடித்தது. இலஞ்சிக் கோயிலில் மேளத்தோடு தாலி வாங்கியவள் நான். பதின்மூன்று வருஷமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்ததுபோல இருந்தது. அதற்குள் பாக்கியம் சொன்னாள்:

“அவங்க பேரை எழுதுங்க. பிள்ளை இருக்கு. நாளைக்கு உதவும்.”

வெளியே வந்ததும் முதல் முறையாக அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டேன். பதின்மூன்று வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவளை அதுவரை பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊரோரத்தில் ஒரு வீடு பிடித்தோம். அக்காவுக்கு மாடு தெரியும், எனக்கு எழுத்து தெரியும். அவள் பாலுக்கு இறங்கினாள், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வீட்டுக்கு வெளியே போய் வேலை செய்த பெண் எங்கள் வம்சத்தில் நான்தான் முதல். வெட்கம் ஒரு வாரம் இருந்தது. பிறகு தேடிப் பார்த்தேன், காணவில்லை.

செண்பகம் பெரியவளானபோது அண்ணனுக்குத் தகவல் எழுதினேன். அவர் எனக்கு என்ன செய்திருந்தாலும், பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட வேண்டும், சீர் வைக்க வேண்டும். அது அவர் கடமை. பதில் வந்தது: “கப்பல்ல சீர் அனுப்ப நான் என்ன ஜமீனா?”

ஒரு மாலைகூடவா முடியாது? ‘என் பேரைச் சொல்லி நீயே ஒரு மாலை போட்டுரு’ என்று எழுதியிருந்தால்கூட நான் அழுதிருப்பேன். எழுதவில்லை.

அக்காவைக் கூப்பிட்டு மாலையைக் கையில் கொடுத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பதறினார்கள். பொம்பளை மாமன்முறை செய்வதா, அதுவும் தாலியறுத்தவள் கையாலா என்றார்கள். “மாமன் வரட்டும், தாராளமா விட்டுக்கொடுக்கேன்” என்றேன். அக்கா மாலையைப் போட்டாள். அதுவரை நான் அண்ணன்மேல் வைத்திருந்தது கோபம். அன்றைக்கு அது வேறொன்றாகத் திரண்டது. கோபம் ஆறும், இது ஆறவில்லை.

5

மூன்று வருஷம் கழித்து அண்ணன் கிளம்பி வந்தார், மதினியையும் கூட்டிக்கொண்டு. தன் அண்ணன் செத்ததற்குத் துட்டி கேட்க அவள் ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தார். நாலு வருஷத் துட்டி! உண்மைக் காரணத்தை என் பள்ளித் தோழி முன்னமே எழுதியிருந்தாள். அண்ணன் மகன் முத்துக்குமாருக்கு மீசை முளைக்குமுன்னே பெண் பேசி வைக்கப் பார்த்தும் எங்கும் அமையவில்லை. ‘அந்த வீட்டுப் படியேறுனவ சிரிச்சு யாரும் பாத்ததில்ல’ என்று ஊரில் பேச்சாம். முறைப்பெண் ஒருத்தியை நான் பெற்று வைத்திருக்கிறேனே!

பினாங்குக்குப் பக்கத்துத் தீவில், கப்பலின் மேல்தட்டில், டெக்கில், வருகிறவர்களை நோய் பார்க்க ஒரு வாரம் நிறுத்தி வைப்பார்கள். ஆண்களுக்குத் தனிக் கொட்டகை, பெண்களுக்குத் தனி. அண்ணனின் வேட்டி சட்டையை வாங்கி ஆவியில் போட்டு எடுத்தார்களாம். வந்து சேர்ந்ததும் அதைத்தான் ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அவள் மதினி, அவள் அண்ணனைக் கட்டியதால் அவளுக்கு நானும் மதினி. சமையலறைக்கு வந்தபிறகு என் காதோடு சொன்னாள்:

“மதினி, அங்கன எல்லாருக்கும் ஒண்ணாச் சோறு போடுதான். ஏழு நாளும் சுடுசோறு தின்னேன். ஆம்பள எந்திரிக்கட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல. கல்யாணமான பொறவு இப்பத்தான்.”

அவளைப் பார்த்தேன். அருவிக்கரையில் அண்ணனைச் சோறு இறங்காமல் செய்த முகம். முன்பல் ஒன்று இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டேன். “கொழம்புல உப்பு கூடிட்டு” என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் செண்பகம் மாமாவிடம் மரியாதையாகத்தான் சொன்னாள்: “மாமா, மாண்டிட்டு வாங்க, சாப்பிடலாம்.” மலாய்ப் பிள்ளைகளோடு படிக்கிறவள். இங்கே குளிப்பதற்கு அப்படித்தான் சொல்லுவார்கள். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

“என்னட்டி சொல்லுதா ஒம்மவ? மாண்டுட்டு வரவா?”

நான் விளக்கினேன். கொஞ்சம் தாமதமாகத்தான் விளக்கினேன்.

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மதினியையும் கையைப் பிடித்து உட்கார்த்தினேன். மாட்டுக் கொட்டகையிலிருந்து அக்கா கைகழுவிக்கொண்டு வந்து, அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இவளையா எங்கூட உக்கார வச்சிருக்கே?”

“இது அக்கா வீடு அண்ணாச்சி. நாமதான் அவங்ககூட உக்காந்திருக்கோம். கொழம்பு வேணும்னா எடுத்துக்கிடுங்க, பக்கத்துலதான் இருக்கு.”

யாரும் பரிமாறவில்லை. அவர் தன் கையால் குழம்பு எடுத்து ஊற்றிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். மேஜையெல்லாம் சிந்தினார்.

சாப்பிட்டு முடித்ததும் தொண்டையைச் செருமினார். “உலகு, பழசையெல்லாம் மறந்துரு. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா. செண்பகத்தை முத்துக்குமாருக்குக் கேக்க வந்திருக்கேன்.”

இந்த வார்த்தைக்காக நான் எத்தனையோ பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அப்போது ஒன்றுதான் வந்தது.

“பொண்ணு கேக்கணும்னா மாமன்முறை செஞ்சவங்களைக் கேளுங்க. செண்பகத்துக்கு மாலை போட்டது பாக்கியக்கா. அவங்ககிட்டக் கேளுங்க.”

இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்பதையே என்னிடம் மறைத்தவர், இப்போது அவளைப் பார்த்துப் பேச வேண்டும். மகனுக்கு வேறு பெண் கிடையாது என்பது அவர் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. அக்காவைப் பார்த்து, வார்த்தைகளை மென்று, “பொண்ணைத் தருவீங்களா?” என்றார்.

தருவீங்களா! அந்த ‘ங்க’வை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: “நான் யாருங்க கொடுக்க? அது என்ன மாடா? அதுகிட்டேயே கேளுங்க.”

செண்பகம் நிமிர்ந்து, “எனக்கு இஷ்டமில்லை மாமா. நான் படிச்சு டீச்சராகணும்” என்றாள்.

அண்ணன் மேஜையில் ஓங்கி அடித்தார். “பாத்துக்கிட்டே இரு உலகு! ஊருக்குப் போன அன்னைக்கே ஒன் மதினியை அவ பெறந்த வீட்டுக்கு அனுப்பலைன்னா நான் திருமலை இல்ல!”

பதினேழு வருஷத்துக்கு முன் என் வாயை அடைத்த அதே வாசகம். அப்போது மதினியின் குரல் கேட்டது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அனுப்ப வேண்டாம். நான் வந்துட்டேன்.”

“என்னட்டி ஒளறுதே?”

“இது எங்க அண்ணன் குடும்பத்து வீடு. எம் பெறந்த வீடு இதுதான். இத்தன வருசமா அனுப்பிருவேன் அனுப்பிருவேன்னு சொல்லுதீங்க. வந்துட்டேன். இனிமே வரலை.”

6

அண்ணன் மறுநாளே, கப்பலில் வந்து இறங்குகிறவர்களின் காகிதம் பார்க்கும் ஆபீஸுக்குப் போனார். பாஷை தெரியாதே என்று நானே கூடப் போய் மொழிபெயர்த்தேன். தங்கச்சி துணைக்கு வருகிறாள் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

“எம் பொண்டாட்டி வரமாட்டேங்கா. போலீஸை வச்சுக் கூட்டியாரணும்னு சொல்லு.”

சொன்னேன், ஒரு வார்த்தை குறையாமல். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் அண்ணன் நீட்டிய மதினியின் காகிதங்களைப் புரட்டினார். அம்மை குத்திய சீட்டு, தீவில் கொடுத்த சீட்டு, டிக்கெட், எல்லாம் அவள் பெயரில் தனித்தனியாக, அவள் பெருவிரல் ரேகையோடு இருந்தன. “சீட்டு சரியாக இருக்கிறது. உறவுக்காரர் வீட்டில் தங்குகிறார். இதில் எங்களுக்கு என்ன வேலை?” என்றார்.

ஊரில் ரேஷன்போல அளந்து மூச்சு விட்டவளுக்கு இங்கே தன் பெயரில் மூன்று காகிதம் இருந்தது. அண்ணனுக்கு அதை நிதானமாக மொழிபெயர்த்தேன். இரண்டு தடவை.

7

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. மதினி இப்போது அக்காவோடு மாட்டைப் பார்த்துக்கொள்கிறாள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். பல் கட்டிக்கொண்டாள். சிரிக்கிறாள், சிரிக்கும்போது பழக்கத்தில் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

அண்ணன் தானே பொங்கித் தின்கிறாராம். பாதி நாள் தென்காசிக்கு நடந்து போய் கிளப்புக் கடையில் சாப்பிடுகிறாராம். தோழி இதை இரக்கத்தோடு எழுதியிருந்தாள். நான் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன், இரக்கத்துக்காக அல்ல.

ஆனால் ஒன்றை மறைத்தால் நானும் அண்ணனைப் போலத்தான். முத்துக்குமார் தன் தாய்க்கு ஒரு வரி எழுதவில்லை. மதினி எட்டுக் கடிதம் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். பதில் இல்லை. தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் பால் கறப்பதை விட்டு எழுந்து வருகிறாள். ஒருநாள் செண்பகம் என்னிடம் சொன்னாள்:

“நீங்க பழி வாங்கினீங்க அம்மா. அத்தைக்குத்தான் பிள்ளை போச்சு.”

அவள் பேச்சு இப்போதெல்லாம் இப்படித்தான், சுருக்கமாக, ஒரு மேஜைக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல. படித்து முடித்ததும் சிங்கப்பூர் போகப் போகிறாளாம். யாரையும் கேட்கவில்லை, சொன்னாள். கேட்காமல் முடிவெடுக்கும் பெண்ணைத்தான் நான் வளர்த்தேன். இருந்தும் என்னைக் கேட்கவில்லையே என்று உறுத்துகிறது.

மதினி தங்குவேன் என்றபோது, ‘மகனை நினைத்துப் பார்’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணனைக் கப்பலேற்றப் பினாங்கு வரை நானே போனேன். மதினி வரவில்லை. அவருடைய வேட்டிகளைத் துவைத்து மடித்துக் கொடுத்திருந்தாள். “முத்துக்குமாரு கிட்ட நான் சொகமா இருக்கேன்னு சொல்லச் சொல்லுங்க” என்றாள். சொன்னேன். அண்ணன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

துறைமுகத்தில் கூட்டம். தகரப் பெட்டியை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றார். தலை அதற்குள் பாதி நரைத்திருந்தது. முதல் முறையாகத் தணிந்த குரலில் பேசினார்.

“உலகு, ரெண்டு பேராப் போனவன் ஒத்தையில வந்து எறங்கினா ஊரு கேக்குமேட்டி. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

“எங்கிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டீங்கள்ல அண்ணாச்சி, ஐந்தருவியில கேட்டதை? அதேமாதிரி அங்கனயும் சொல்லாம விட்டுருங்க. ஒங்களுக்குப் பழக்கம்தானே.”

பெட்டியைத் தூக்கினார். ஏணியில் ஏறும்போது ஒரு தரம் தடுமாறிப் பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சங்கு ஊதியது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. படிக்கிறவர்களுக்கும் அது கௌரவமாக இருக்கும். ஆனால் நான் நகரவில்லை. கப்பல் சிறுத்து, புகையாகி, அந்தப் புகையும் கரைகிற வரை வெயிலில் நின்று பார்த்தேன். பதினேழு வருஷம் காத்திருந்த காட்சி. அதை ஏன் பாதியில் விட வேண்டும்?